சரளை என்று சொன்னவர்

போன புதன்கிழமை காலை துறைமுகத்தில் தொங்கான் படகிலிருந்து கருங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்களை அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போது பாப்பாத்தி வெறுங்கையோடு வந்தாள். வேலை நேரத்தில் தலையில் கூடை இல்லாமல் அவளை நான் பார்த்ததே கிடையாது. கிட்டே வந்து, "கிராணியாரே, அக்கா போயிட்டாங்க" என்றாள். "எங்கே?" என்று கேட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

சாலை வேலை எடுத்து நடத்தும் எங்கள் முதலாளியின் கிட்டங்கியில் அக்கா என்றால் ஒரே ஒருவர்தான். வீராயி அக்கா. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல் உடைத்தவர்கள், கூடை சுமந்தவர்கள், உருளை இழுத்தவர்கள், மாட்டு வண்டி ஓட்டியவர்கள் எல்லாரும் இதைக் கேட்க வேண்டும். உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தவர்கள் மற்றவர்களை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

அக்கா புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். புருஷனோடு கப்பலேறி வந்து, சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்துவிட்டு, அங்கே பட்டது போதும் என்று பினாங்குக்கு வந்தவர்கள். புருஷன் எங்கள் கிட்டங்கியில் மண்டோர். அதாவது ஒரு குழுவுக்குத் தலைமை. கல்மலையில் வெடி வைத்தபோது அவர் போய்விட்டார். குழுவில் இருந்த பதினான்கு பேரும், வேறு மண்டோருக்குக் கீழே போகமாட்டோம் என்று கிட்டங்கி வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். முதலாளி வேறு வழியில்லாமல் அக்காவையே மண்டோர் ஆக்கினார். புடவை கட்டிய மண்டோர் என்று ஊரே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் பினாங்கில் பிறந்தவன், கிட்டங்கியில் கணக்கு எழுதும் கிராணி. மற்றவர்கள் ஊர் ஊர் என்று சொல்லும் ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் தமிழைப் புத்தகம் வைத்து முறையாகப் படித்தவன் என்று எனக்கு ஒரு மண்டைக்கனம் உண்டு. கூலிகளின் பேச்சைத் திருத்துவது என் பொழுதுபோக்கு. அக்கா "கல்லு அங்க கெடக்கு" என்றால் நான் "கிடக்கிறது" என்பேன். அவர் உடனே பணிவாக, "சரிங்க கிராணியாரே, கிடக்கிறது" என்பார். அவர் என்னைக் கேலி செய்கிறார் என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

பதினோரு வருடத்துக்கு முன்னால் கடற்கரைச் சாலையில் தவுக்கே என்று எல்லாரும் அழைக்கும் ஒரு சீன வியாபாரி வீட்டில் அவருடைய தாயார் காலமானார். பெரிய குடும்பம். சவப்பெட்டியைக் கூடத்தில் வைத்து, சோதிடர் குறித்த இருபத்தோராம் நாள் காலையில் எடுப்பது என்று முடிவாயிற்று. அந்த நாளை யாராலும் மாற்ற முடியாது. கேட்டுக்கு வெளியே பெரிய சவ வண்டி நிற்கும். கூடத்திலிருந்து கேட்டு வரை பெட்டியை முப்பத்திரண்டு பேர் தோளில் சுமக்க வேண்டும். நடுவில் பெட்டி தரையில் படக் கூடாது. பட்டால் அதே வீட்டில் அடுத்த சாவு என்று அவர்கள் நம்பினார்கள்.

அந்த வீட்டு வாசலிலிருந்து கேட்டு வரை போன வண்டிப்பாதையோ பார்க்கச் சகிக்காமல் இருந்தது. பதினைந்து வருடமாகக் குதிரை வண்டியும் பிறகு மோட்டாரும் போய்ப் போய் இரண்டு பக்கமும் சக்கரத் தடம் வாய்க்கால் மாதிரி ஓடியது. நடுவில் புல். கேட்டுப் பக்கம் இறக்கத்தில் முழங்கால் ஆழக் குழிகள். குழி விழும்போதெல்லாம் தோட்டக்காரன் ஒரு கூடைக் கல்லைக் கொட்டி மூடியிருக்கிறான். அந்தக் கல் முழுவதும் ஓரத்துக்குப் போய் மேடாகி, பாதை தொட்டி போல நடுவில் குழிந்து கிடந்தது. பதினாறு நாளில் இதைச் சரிசெய்து தருவதாக எங்கள் முதலாளி ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் நாள் அக்கா வேலையையே தொடங்கவில்லை. குழுவைக் கார் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதைபதைப்பு. மத்தியானம் மழை கொட்டியதும் அவர் மட்டும் இறங்கி, வெறுங்காலோடு வாசலிலிருந்து கேட்டு வரை மெல்ல நடந்தார். திரும்பினார். மறுபடியும் நடந்தார். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே அறுத்துக்கொண்டு ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து அந்த இடங்களில் குச்சி நட்டார். நனைந்து போய் வந்து, "இப்பத்தாங்க பாதை வாயத் தொறந்து பேசுச்சு" என்றார். வேலை நாளில் ஒன்று வீண் என்று நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் சின்னத் தவுக்கே, அதாவது இறந்தவருடைய இளைய மகன், குழிகளை மட்டும் மூடிவிட்டு மேலே புதுக்கல் பரப்பினால் போதாதா என்று மலாயில் கேட்டார். பெண்களை வைத்துப் பாதையைக் கொத்திக் கிளறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "சொல்லுங்கலா கிராணியாரே. குழியில கல்லக் கொட்டுனா குழி போவாது. பக்கத்துல போயி உக்காந்துக்கும்" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். சின்னத் தவுக்கே தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். எட்டு நாளில் குழியின் அடிமட்டம் வரை பாதை முழுவதையும் பிக்காசால் பெயர்த்து, இரண்டு ஓரத்திலும் கால்வாய் வெட்டி, அடியில் பெரிய கருங்கல்லும் அதன்மேல் சின்னக் கல்லும் போட்டு இறுக்கியாயிற்று. நடுப்பகுதி இரண்டு பக்கத்தையும் விட ஒரு கை அளவு உயரம். அக்கா அதை "முதுகு" என்பார். முதுகு இருந்தால்தான் தண்ணீர் நிற்காமல் இறங்கிப் போகும்.

இனி மேல் அடுக்கு ஒன்றுதான் பாக்கி. கல் உருளையை இழுக்க ஆள் போதாது என்று, ஆட்களைக் கூட்டிவர அக்கா படகேறி அக்கரையிலுள்ள பிறை ஊருக்குப் போனார். அங்கிருந்து சுங்கை பாக்காப் போய்த் திரும்ப இரண்டு நாள் ஆகும். போகிற அவசரத்தில் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "மேல போட நல்ல சரளையா நாலு தொங்கான் சொல்லிடுங்க."

சரளை. புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சரளை என்றால் செம்மண்ணோடு கலந்த முரட்டுப் பொடிக்கல். தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு தரை மாதிரி இறுகிவிடும். எனக்கு அது தெரியாது. நான் படித்த புத்தகத்தில் சரளை என்றால் ஆற்றிலே உருண்டு வந்த சின்னக் கற்கள். எனக்குத் தெரிந்த தமிழில் ஒரு சந்தேகமும் கிடையாது. தொங்கான்காரரிடம் "பாத்து கெலிக்கிர்" என்று மலாயில் சொல்லி, நான்கு தொங்கான் கூழாங்கல்லை வரவழைத்தேன்.

வந்து இறங்கிய கல் வெள்ளை வெளேர் என்று இருந்தது. சின்னத் தவுக்கே ஓடி வந்து கையில் அள்ளிப் பார்த்தார். துக்கத்துக்கு வெள்ளைதான் பொருத்தம், இன்றைக்கே பரப்புங்கள் என்றார். குழுவில் இருந்த பெண்கள் கூடையைத் தொடாமல் நின்றார்கள். பாப்பாத்திதான் வாயைத் திறந்தாள். "கிராணியாரே, அக்கா இதையா சொன்னாங்க? அக்கா வரட்டுமே." நான் அவளைப் பார்த்துச் சத்தம் போட்டேன். "எனக்குத் தெரியாத தமிழா உனக்குத் தெரியும்? தூக்கு!" பாப்பாத்தி, நீ இதை மறந்திருக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை.

மறுநாள் மாலை அக்கா பத்து ஆட்களோடு கேட்டுக்குள் நுழைந்தார். பாதை முழுவதும் வெள்ளைக் கூழாங்கல் பளபளத்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் இறக்கத்தில் ஒரு காலை வைத்தார். கால் வழுக்கிற்று. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், குனிந்து ஒரு கல்லை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எத்தன நாளு இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் இருந்தது.

கல்லை எல்லாம் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் சின்னத் தவுக்கே கத்தத் தொடங்கினார். சத்தம் கேட்டுப் பெரிய தவுக்கே வந்தார். தற்செயலாகப் பெட்டி சுமப்பவர்களின் தலைவனும் அங்கே இருந்தான், வழியைப் பார்த்துப் போக வந்திருந்தான். ஆளனுப்பி எங்கள் முதலாளியையும் வரவழைத்தார்கள். அக்காவுக்குத் தெரிந்த மலாய் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய்தான். "இனி பாத்து லிச்சின், தவுக்கே" என்றார். இந்தக் கல் வழுக்கும் என்று அர்த்தம். யாரும் நம்பவில்லை. அக்கா உடனே தன் ஆட்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, வாசலருகில் கிடந்த கருங்கல் பலகையைக் கயிறு கட்டி இரண்டு மூங்கிலில் தூக்கச் சொன்னார். வாசலிலிருந்து நடந்து வந்தார்கள். மேட்டில் ஒன்றும் ஆகவில்லை. இறக்கத்தின் பாதியில் முன்வரிசை முனியனின் கால் உருண்டது. அவன் சரிய, அவனுக்குப் பின்னால் வந்தவனும் சரிய, பலகை தடாலென்று விழுந்து கூழாங்கல் நாலாபுறமும் சிதறிற்று. முனியனின் பாதத்துக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான் இருந்தது.

பெட்டி சுமப்பவர்களின் தலைவன் ஹொக்கியன் மொழியில் பெரிய தவுக்கேயிடம் மெல்ல ஏதோ சொன்னான். பெரிய தவுக்கேயின் முகம் வெளுத்துப் போயிற்று. எல்லாவற்றையும் எடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, எங்கள் முதலாளியைப் பார்த்து, "என் தாயார் கீழே விழுந்தால் உன்னை இந்த ஊரில் இருக்க விடமாட்டேன்" என்றார்.

முதலாளி அப்படி அவமானப்பட்டு நான் பார்த்ததில்லை. எங்களைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். அவரும் மூன்று தலைமுறையாகப் பினாங்கு. சரளை என்றால் அவருக்கும் என்னைப் போலத்தான் அர்த்தம். "யாரு இந்தக் கல்லச் சொன்னது?" என்று கேட்டார்.

என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அது காரணமா என்றால், காரணம்தான். ஆனால் அந்த நொடியில் என் மனைவி என் நினைவுக்கு வரவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரளைன்னு சொன்னது நாந்தாங்க" என்றார்.

அது பொய் இல்லை. சரளை என்று சொன்னது அவர்தான். குழுவில் எல்லாருக்கும் உண்மை தெரியும். பாப்பாத்தி வாயெடுத்தாள். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவள் அடங்கிப் போனாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்தாம்மா வீராயி, நல்லாக் கேட்டுக்க" என்றார் முதலாளி. "இந்த வேலையோட உனக்கு மண்டோர் வேலை முடிஞ்சுது. பெட்டி மட்டும் தரையில பட்டுச்சுன்னா உன் குழுவுல ஒரு ஆளுக்கும் எங்கிட்ட வேலை இல்ல. எல்லாரும் தோட்டத்துக்கே போயிடுங்க." அந்தத் தோட்டத்துக்குத் திரும்புவது என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "கூடைய எடுங்க" என்றார்.

இருந்தது அந்த மூன்று நாள்தான். முதல் நாள் பகல் முழுவதும் கூழாங்கல்லை அள்ளிக் கொல்லைப்புறத்தில் கொட்டினார்கள். ஆயர் ஈத்தாம் மலையோரத்தில் செம்மண் சரளை இருக்கும் இடத்தை அக்காவே போய்ப் பார்த்து, மாட்டு வண்டிகளை ஏவினார். முதல் வண்டி வந்தபோதுதான் அந்தப் பொருளை நான் முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். துருப்பிடித்த நிறம், முனை முனையாக, உள்ளங்கையைக் குத்திற்று. "இதுதாங்க அது" என்றார் அக்கா.

இரண்டாம் நாள் பரப்பினார்கள். ஈரப் பதம் சரியாக இருந்தால்தான் உருளை ஓட்ட முடியும். அக்கா ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு பிடி அள்ளி இறுக்குவார். கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், கீழே போட்டால் இரண்டாக உடைய வேண்டும். உதிர்ந்து போனால் தண்ணீர் போதாது. கையில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் அதிகம். பிறகு உருளை. புதிதாக வந்த ஆட்கள் அதை நடுவில் ஏற்றி இழுக்கப் போனார்கள். "அடேய், ஓரத்துலேருந்து வாங்கடா! முதுக ஒடச்சிடாதீங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் வீட்டுக்குள் மந்திரம் ஓதிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஓரத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு ஏறி வந்தால்தான் முதுகு பரந்து போகாமல் நிற்கும்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. இறக்கத்தில் கேட்டை ஒட்டி நாற்பதடி இன்னும் உருளை படாமல் கிடந்தது. உருளை படாத சரளையில் மழை விழுந்தால் சேறு. கோணிச்சாக்கு, கஜாங் ஓலைப்பாய், அரிசி மூட்டை போர்த்தும் கித்தான் என்று கையில் கிடைத்ததை எல்லாம் விரித்தோம். நானும் விரித்தேன், குடையை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டருகே கடைசிப் பத்தடிக்கு விரிப்புப் போதவில்லை. அக்கா தன் மேல்துண்டை அவிழ்த்து அங்கே போட்டார். பெண்கள் எல்லாரும் போட்டார்கள். அரை மணி நேரம் மழை பேய் மாதிரி அடித்தது. முதலாளி கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் முப்பதடியை ஓட்டி முடித்தார்கள். கடைசிப் பத்தடி மட்டும் குழகுழவென்று நின்றது. ஓட்டிவிடலாம் என்று ஆட்கள் சொன்னார்கள். அக்கா தலையை ஆட்டினார். ஈரத்தோடு ஓட்டினால் மேலே பாளம் மாதிரி ஆகி, பாரம் ஏறியதும் உடைந்துவிடும் என்றார். மண்வெட்டியால் அதைக் கிளறிப் போட்டார். மூன்றாம் நாள் வெயிலே வரவில்லை. நாள் முழுக்க அந்தப் பத்தடியைத் திருப்பித் திருப்பிக் கிளறி, காய்ந்த சரளையைக் கலந்து, பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அது கையில் ஒட்டியது. பெட்டி எடுக்கிற அன்று விடிந்த பிறகுதான் ஒரு பிடி கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. பெட்டி எடுப்பது பத்து மணிக்கு. எட்டரைக்கு உருளை வெளியேறிற்று.

வேலையாட்கள் கண்ணில் படக்கூடாது என்று எங்களைச் செம்பருத்தி வேலிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். பெட்டி வெளியே வந்தது. ஒரே மரத்தில் குடைந்தது போலப் பருத்த பெட்டி. முப்பத்திரண்டு தோள். தலைவன் முன்னால் பின்பக்கமாக நடந்தபடி இரண்டு கட்டையைத் தட்டித் தாளம் சொன்னான். ஒரு தட்டுக்கு ஓர் அடி. எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் குனிந்து, வேலியின் அடி இடுக்கு வழியாக அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடு தாண்டிற்று. இறக்கம் வந்தது. முப்பதடி தாண்டிற்று. கடைசிப் பத்தடியில் இடது ஓரத்து ஆளின் குதிகால் உள்ளே இறங்கிற்று. பெட்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. கட்டைச் சத்தம் நின்றது. வீட்டுப் பெண்களின் அழுகையும் நின்றது. என் பக்கத்தில் பாப்பாத்தி என் கையைப் பிடித்திருந்தாள், அல்லது நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். "கீழ கெட்டி இருக்கு, கெட்டி இருக்கு, ஏறி வா" என்று அக்கா அந்தச் சீனனுக்குத் தமிழில் முணுமுணுத்தார். குதிகால் ஒரு விரற்கடை இறங்கி, அடிக்கல்லில் முட்டி நின்றது. அவன் காலை எடுத்து முன்னால் வைத்தான். கட்டை மறுபடி தட்டிற்று. பெட்டி கேட்டைத் தாண்டியது.

எனக்குப் பின்னால் முதலாளி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஊர்வலம் போன பிறகு அக்கா வேலியைச் சுற்றி வந்து, அந்தக் குதிகால் பள்ளத்தில் ஒரு கை சரளையைப் போட்டுக் காலால் மிதித்தார். முனியன் உட்கார்ந்து அழுதுவிட்டான். யாரும் தோட்டத்துக்குப் போகவேண்டியதில்லை.

அன்று மாலை முதலாளியின் கோபம் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. "பாத நல்லா இருந்துச்சும்மா. ஆனா நான் சொன்னது சொன்னதுதான்" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். முதல் முறை வாயடைத்தது பயத்தால். இரண்டாம் முறை எனக்குப் பயம்கூட இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனி எதற்கு என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது. மறுநாளிலிருந்து குழுவுக்கு வேறொரு மண்டோர் வந்தார். அக்கா மற்றவர்களோடு வரிசையில் நின்று கூடை தூக்கினார். காலையில் பெயர் கூப்பிடுகிறவன் நான். மண்டோர் வீராயி என்று கூப்பிட்ட வாயால் வெறும் வீராயி என்று கூப்பிட்டேன். அவர் ஒரு நாளும் தாமதமாகப் பதில் சொன்னதில்லை.

அந்தப் பாதையை மட்டும் தவுக்கே வேறு யாரையும் தொடவிடவில்லை. "அந்த அம்மா வரட்டும்" என்றே சொல்லி அனுப்புவார். பெரிய மழைக்கு மறுநாள் அக்கா தானே போய்விடுவார். கால்வாயில் அடைந்த இலையை வாருவார். ஓரத்துக்கு ஓடிய சரளையைப் பல் வைத்த வாரியால் நடுவுக்கு இழுப்பார். குழி விழும் முன்பே பள்ளத்தைக் கண்டுபிடித்து, சுற்றிலும் கொத்தி, நனைத்து, போட்டு இடிப்பார். "குழி ஆனப்புறம் வர்றது பெரிய வேல. பள்ளமா இருக்கறப்பவே வந்துட்டா ஒரு கூடயோட போச்சு" என்பார். பதினோரு வருடத்தில் அங்கே குழி விழுந்து நான் பார்க்கவில்லை.

என்னிடம் மட்டும் ஒரு குறும்பு வைத்திருந்தார். அதன் பிறகு சரளை வேண்டும் என்று என்னிடம் வெறுமனே கேட்டதே இல்லை. "கிராணியாரே, செவப்பா, குத்துமே, ஒட்டுமே, அந்தச் சரள ரெண்டு வண்டி" என்று நீட்டி முழக்குவார். குழு முழுவதும் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவருடைய பேச்சைத் திருத்துவதை நான் எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை.

ஒரு முறை, எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லாதபோது கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏன் அக்கா அப்படிச் சொன்னீங்க?" அவர் வாரியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "எனக்குக் கூடையத் தூக்கத் தெரியும். ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அதாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பள்ளத்துக்கு நகர்ந்துவிட்டார். என்மேல் பாசம் என்றோ, தியாகம் என்றோ அவர் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் சொன்னது வெறும் கணிப்பு. இருவரில் யார் விழுந்தால் எழுந்திருப்பார் என்று பார்த்து, தன்னைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அவருடைய புன்னகை என்னிடம் இருக்கிறது, அறிவுரை இருக்கிறது என்று முடிப்பார்கள். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது என்னுடைய வேலை. அது இழந்திருக்க வேண்டிய வேலை. பதினோரு வருடமாக என் வீட்டில் உலை வைத்த வேலை. அவருடைய மண்டோர் பட்டத்தைக் கொடுத்து வாங்கியது. அவர் உயிரோடு இருந்தவரை அதைத் திருப்பித் தர எனக்குத் தினமும் ஒரு காலைப்பொழுது இருந்தது. நான் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

முதலாளி அவர்களே, நீங்களும் இதைப் படிப்பீர்கள். அந்தக் கூழாங்கல்லை வரவழைத்தவன் நான். வீராயி அக்காவிடம் தவறு இல்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கம்போல வந்து கிட்டங்கி வாசலில் நிற்பேன். உள்ளே வா என்பதும் போ என்பதும் உங்கள் வாயில் இருக்கிறது. எதுவானாலும், அன்று பெயர் கூப்பிடும்போது முதலில் மண்டோர் வீராயி என்று கூப்பிடச் சொல்லுங்கள்.